முதல் படத்திலிருந்து இறங்கி வந்தவன்

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சிவகாசி செங்கமலம் ஆப்செட்டின் சர்வர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆறு வருசத்துக்கு முந்தைய தவசிலிங்கம் வெளியே வந்தான். நீலக்கட்டம் போட்ட சட்டை, நெற்றியில் ஈரம் காயாத சந்தனம், கையில் கற்பூரத் தட்டு. எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த இப்போதைய தவசிலிங்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தச் சட்டையை எப்போது தொலைத்தோம் என்றுதான் முதலில் யோசித்தான். வந்தவன் "டீ வந்துருச்சா?" என்று கேட்டான். டீக்காரர் மாடசாமி தூக்குவாளியோடு படியேறி வந்து, இவனை ஒரு பார்வையும் அவனை ஒரு பார்வையும் பார்த்துவிட்டு, கூடுதலாக ஒரு கிளாஸ் ஊற்றி வைத்துவிட்டுப் போனார்.

தவசிலிங்கத்துக்கு அந்த அச்சகத்தில் என்ன வேலை என்றால், ஸ்டோரேஜ் சர்வரைக் காப்பது. முருகனும் லட்சுமியும் இயற்கைக் காட்சியும் பச்சைக் குழந்தைப் படமுமாக அந்த அச்சகம் போட்ட காலண்டர் அத்தனையும் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான் இருந்தன. தினமும் சாயங்காலம் அவன் மைக்கில் "எல்லாரும் கைய எடுங்க" என்பான். டிசைன் போடுகிறவர்கள் மவுசிலிருந்து கையை எடுப்பார்கள், ஆர்டர் எழுதுகிற கம்ப்யூட்டர் எழுதினதை முடித்து வாயை மூடும், எல்லாம் அசையாமல் நிற்கிற அந்த ஒரு இமைப்பொழுதில் அவன் பெட்டியை ஒரு படம் பிடிப்பான். அதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். பிடித்ததும் "ம், பாருங்க" என்று விட்டுவிடுவான். அவர்கள் பாட்டுக்கு வேலையைத் தொடர, அந்த அசையாத படத்தைப் பார்த்து நிதானமாக நகலெடுத்து, சாத்தூர் ரோட்டில் தாள் சரக்கு அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் இருக்கிற இன்னொரு பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பேக்கப். அசைகிறதைப் பார்த்து நகலெடுத்தால் இன்றைய தலையும் நேற்றைய காலுமாகத்தான் வந்து சேரும் என்பான் அவன். நகல் போய்ச் சேருகிற வரைக்கும் படத்தை அழிக்கக் கூடாது, சேர்ந்த பிறகு பழசை வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. இந்த ஒழுங்கில் அவன் ஒருநாளும் தவறியதில்லை.

பழசை வைத்துக்கொள்ளாத அந்தப் பெட்டியில் ஒரே ஒரு படம் மட்டும் அழியாமல் இருந்தது. பெட்டி வந்து இறங்கி, அதுவரைக்கும் போட்ட காலண்டரையெல்லாம் அதில் ஏற்றிய அன்று முதலாளி வெயில்முத்து அண்ணாச்சி அதற்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டச் சொன்னார். கல்யாணமாகி மூன்றே மாதமாகியிருந்த தவசிலிங்கம் ஒரு கையில் தட்டும் ஒரு கை பெட்டியின் மேலுமாக நின்று முதல் படத்தைப் பிடித்தான். "முதல் போணிய யாராவது அழிப்பாங்களா? பூட்டி வையி" என்றார் அண்ணாச்சி. யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி வைத்தான். ஆறு வருசம் கழித்து ஒரு பழைய வாடிக்கையாளர், மயில்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு முருகன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்க, அந்த முருகன் இடையில் எப்போதோ கெட்டுப்போய்க் கெட்டபடியே எல்லா நகலிலும் ஏறியிருக்க, வேறு வழியில்லாமல் முதல் படத்தைத் திறந்தான். முருகனோடு, கற்பூரத் தட்டோடு நின்ற அந்தத் தவசிலிங்கமும் வந்துவிட்டான்.

திருப்பி அனுப்பவும் பார்த்தார்கள். மறுநாள் தவசிலிங்கம் முதல் படத்தை மூடிய நேரத்தில், தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தவனுடைய கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது. ஆள் பெஞ்சில் சாய்ந்து, வெயிலில் பிடித்த பட்டர் பேப்பர் மாதிரி அந்தப் பக்கத்துச் சுவர் தெரிய மெலிந்து போனான். "தொறங்கய்யா, தொறங்க, உசுரு போவுது" என்று மாடசாமி ஓடிவந்து கத்த, தவசிலிங்கம் பதறித் திறந்தான். ஆள் எழுந்து உட்கார்ந்து இன்னொரு டீ கேட்டான். படம் திறந்து கிடக்கிற வரைக்கும் ஆள் இருப்பான் என்று ஊர் புரிந்துகொண்டது. அதற்குமேல் ஊர் எதையும் கேட்கவில்லை.

ஊருக்கு இருந்த சிரமம் கூப்பிடுவதில்தான். இரண்டு நாளில் அதுவும் தீர்ந்தது: வந்தவன் முந்தித்தவசி, இருந்தவன் பிந்தித்தவசி. பிறந்து வளர்ந்த ஊரில், தாலி கட்டிய ஊரில், நேற்று வந்த ஒருத்தன் முந்தியாகி, தான் பிந்தியாகிப் போனது தவசிலிங்கத்துக்கு உறுத்தியது. ரேசன் கடையில் ஒரு கார்டுக்கு ஒரு ஆள் சர்க்கரைதான் என்று சொல்லிவிட்டார்கள். முடிவெட்டுகிறவர், ஒருத்தனுக்கு நெற்றி ஏறிவிட்டதால் குழப்பமில்லை என்றார். மாமியார் மட்டும் திருத்தங்கலிலிருந்து பஸ் பிடித்து வந்து, இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாங்க பொண்ணு குடுத்தது இவருக்குத்தான்" என்று முந்தியவனைக் காட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினாள். தெருப்பெண்கள் அச்சகத்துக்கு நடையாய் நடந்தார்கள். "எங்க வீட்டுக்காரரோட பழசும் உள்ள கெடக்குமா தம்பி? கல்யாணத்தன்னிக்கு இருந்தவரு கெடச்சாப் போதும்." படம் பிடிக்கும்போது பெட்டியின்மேல் கை வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அவன் சொல்ல, ஏதோ வேண்டுமென்றே மறைக்கிறான் என்கிற மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்றால், தவசிலிங்கத்தின் மனைவி பொன்மலர் வாசலில் நின்ற இருவரையும் பார்த்தாள். முந்தியவன் ஒரு பகல் நேரம் வெளியே போய் வந்தவன் மாதிரி, "ஏம்மா மெலிஞ்சிட்ட? காலைல நல்லாத்தான இருந்த?" என்றான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்துவிட்டு, நாலு வருசமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில், "வாங்க அத்தான்" என்றாள்.

தவசிலிங்கத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு தீக்குச்சி உரசியது. அவனையும் அவள் அத்தான் என்றுதான் கூப்பிட்டிருந்தாள், ஒரு காலத்தில். பிறகு அது "என்னங்க" ஆகி, "இந்தாங்க" ஆகி, கடைசியில் சொல்லே இல்லாமல் தட்டை நகர்த்தி வைக்கிற சத்தமாக நின்றுபோனது.

முந்தியவனுக்கு மாடி அறை. சாப்பாடு மூன்று பேருக்கும் ஒன்றாகத்தான். ஆனால் முந்தியவன் "பருத்திப்பால் குடிச்சு எவ்வளவு நாளாச்சு" என்ற மறுநாள் வீட்டில் பருத்திப்பால் மணத்தது. தவசிலிங்கத்துக்கும் ஒரு டம்ளர் வந்தது. அது தனக்காகக் காய்ச்சியதில்லை என்பது ஒவ்வொரு வாயிலும் தெரிந்தது. முந்தியவன் குழம்பை நல்லாயிருக்கு என்றான், தண்ணிக்குடத்தை வாங்கி வைத்தான், அவள் ஏதோ சொல்ல விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு தவசிலிங்கத்தின் சிரிப்புத்தான், அவனுடைய பல், அவனுடைய தொண்டை. தன்னுடைய சாமானை எடுத்துத் தன் கண்முன்னாலேயே இன்னொருத்தன் புழங்குவதைப் பார்க்கிறவன் மாதிரி அவன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிட்டான். அச்சகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இப்போது இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பான். அவள் காலில் மருதாணி தெரிந்தால் எரியும். அவள் முகம் வாடியிருந்தால், அவனோடு ஏதோ மனஸ்தாபம் போல, மனஸ்தாபம் கொள்கிற அளவுக்கு நெருக்கம் போல என்று அதற்கும் எரியும்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனான். சப்-இன்ஸ்பெக்டர் யார்மேல் புகார் என்று கேட்டார்.

"தவசிலிங்கம் மேல சார்."

"குடுக்கிறது?"

"தவசிலிங்கம்."

"என்ன செஞ்சான்?"

"என் பொண்டாட்டிகூட மொட்டை மாடியில உக்காந்து பேசிக்கிட்டே இருக்கான் சார்."

"அவன் யாரு?"

"நான்தான்" என்றான் தவசிலிங்கம்.

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உன் பொண்டாட்டி உன்கூட உக்காந்து பேசுறா. இதுக்கு ஏன்யா ஸ்டேஷனுக்கு வந்த? எங்க வீட்டுல எனக்குச் சோத்தப் போட்டுட்டு டிவியப் போட்டுருது. போய்யா, போயி சந்தோசமா இரு."

அச்சகத்தில் சொன்னால் சிரித்தார்கள். கோயில் கமிட்டியில் சொன்னால், பிறன்மனை நோக்கினால்தான் தப்பு, இது அவன்மனைதானே என்றார்கள். ஊர் பூராவும் ஒரே வாயாக, அவனும் நீதானே, அவனும் நீதானே என்றது. தன்மேல் தானே பொறாமைப்படுகிறவனுக்கு இந்த உலகத்தில் சாட்சி சொல்ல ஆளில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் மின்சாரம் போனதால் மத்தியானமே வீட்டுக்கு வந்தான். மாடியில் யாரோ ஓர் ஆண்பிள்ளை விக்கி விக்கி அழுகிற சத்தம் கேட்டது. யார் குரல் என்று அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. படியேறிப் போனவன், தண்ணித்தொட்டி நிழலில் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து முந்தியவன் அழுவதையும், பொன்மலர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக்கொண்டிருப்பதையும் பார்த்தான். தன் அழுகையை அவன் இதுவரைக்கும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பொன்மலர் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் குற்றமும் இல்லை, பயமும் இல்லை. "அவருக்குத் தெரியாதுல்ல," என்றாள். "நம்ம பிள்ளையப் பத்திச் சொன்னேன்."

நாலு வருசத்துக்கு முன்னால் விருதுநகர் ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பொன்மலர் மயக்கத்தில் கிடந்தாள். நர்ஸம்மா பச்சைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தவசிலிங்கத்தின் கையில் கொடுத்து, "பாத்துக்கோங்க, கொஞ்ச நேரந்தான்" என்றாள். கொஞ்ச நேரந்தான் இருந்தது. பொன்மலர் கண் விழிப்பதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம், யார் சொல்லியும் கேட்காமல், அவன் அச்சகத்துக்குப் போய் மைக்கை எடுத்து "எல்லாரும் கைய எடுங்க" என்றான், எடுத்தார்கள், படத்தைப் பிடித்தான், நகல் கிளம்பியது. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் பொன்மலர், "பிள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை. அத்தான் என்று கூப்பிடுவதும் அதோடு நின்றது.

படியில் இறங்கும்போது தவசிலிங்கத்துக்கு ஏற்பட்ட பொறாமை முன்னால் பட்ட பொறாமைகளைப் போல இல்லை. பருத்திப்பாலைக் கொடு, சிரிப்பைக் கொடு, சந்தனம் வைத்த நெற்றியைக் கொடு. ஆனால் அந்த அழுகை என்னுடையது, அது என் பிள்ளைக்கு நான் அழவேண்டிய அழுகை, அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அவள் மடியருகில் உட்கார்ந்து அழ இவன் யார் என்று மனசு பல்லைக் கடித்தது. அன்றிலிருந்து முந்தியவன் ஒழிந்தால் போதும் என்று ஆகிவிட்டது அவனுக்கு.

நினைத்த காலத்திலேயே வழியும் திறந்தது. புரட்டாசியில் காலண்டர் சீசன் மும்முரமாகி, பெட்டி இடமில்லை இடமில்லை என்று சிவப்பு விளக்கைக் காட்டத் தொடங்கியது. ஸ்னாப்ஷாட்டின் குணம் அது. பிடித்த அன்று எடையே இருக்காது. இன்றைக்கு உள்ளது மாற மாற, மாறுவதற்கு முந்தைய ஒவ்வொன்றையும் படத்துக்காக ஒதுக்கி வைக்கவேண்டியிருக்கும். காலம் போகப் போகக் கனத்துக்கொண்டே போகும். ஆறு வருசத்து மாற்றம் அத்தனையும் அந்த ஒரு படத்தில் தொங்கியது.

அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். "தவசி, அந்த முதல் படத்தத் தூக்கிட்டா எடம் கெடைக்குமா?"

"நெறையக் கெடைக்கும் அண்ணாச்சி."

"தூக்கினா அந்தப் பையன்?"

தவசிலிங்கம் மேசைமேல் கிடந்த காலண்டரின் தாளைப் புரட்டினான்.

அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எனக்குச் சீசன் ஓடணும். அவனும் நீதான், நீயும் நீதான். உன்னிய என்ன செய்யணும்னு நீயே பாத்துக்கோ. என்னியக் கேக்காத."

வெளியே வந்தவனுக்கு வாயெல்லாம் இனித்தது. அந்த இனிப்பை நினைத்து அவன் பின்னால் பலமுறை கூசியிருக்கிறான். மறுநாள் மத்தியானம், டிசைன் போடுகிறவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், உட்கார்ந்து முதல் படத்தின் பூட்டைக் கழற்றினான். அழிக்கவா என்று திரை கேட்டது. கேட்டுக்கொண்டு அது நின்றபோது கதவு திறந்தது. முந்தியவன் டிபன் கேரியரோடு நின்றான். பொன்மலர் கொடுத்துவிட்டிருந்தாள். திரையில் உள்ளதை அவன் வாசித்தான். வாசிக்கத் தெரியாதவனா? அவன் பிடித்த படம்தானே.

"அழிக்கப் போறியா?"

"எடம் இல்ல."

"எடம் இல்லேன்னா அழிக்க வேண்டியதுதான்." டிபனை மேசையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "எடத்துக்காக மட்டுந்தானா?"

தவசிலிங்கம் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அவ உன்கூடத்தான் சிரிக்கிறா. உன்கூடத்தான் பேசுறா. எம்பிள்ளைக்கு நீ அழுற. எனக்கு வயிறு எரியுது. போதுமா?"

"எனக்கு எரியிறது தெரிஞ்சா நீ இப்படிப் பேச மாட்ட."

"உனக்கு என்ன எரிச்சல்? யாரு மேல?"

"உன் மேலதான்." முந்தியவன் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டான். "நாங்க ரெண்டு பேரும் மாடியில உக்காந்து என்ன பேசுறோம்னு நெனச்ச? பிள்ளைக்கு முடி இருந்திருக்குமா, நெறம் யாரு நெறம், மூக்கு யாரு மூக்குன்னு இருட்டுல தடவுற மாதிரித் தடவிக்கிட்டுக் கெடக்கோம். அவ பெத்தவ, பாக்கல. நான் இங்க வந்து சேரும்போது எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ கையில வாங்கியிருக்க. பாத்தவன் இந்த உலகத்துல நீ ஒருத்தன்தான். அதப் பூட்டி வச்சுக்கிட்டு, இதத் தொறந்து அழிக்க வந்திருக்க."

வெளியே அச்சுயந்திரம் ஒன்று தாளைத் தட்டித் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தது. தவசிலிங்கம் திரையில் வேண்டாம் என்றிருந்ததைத் தொட்டான். பூட்டைத் திரும்ப மாட்டினான். அண்ணாச்சியிடம் போய், வாடிக்கையாளர்கள் வேண்டாமென்று தள்ளிய ப்ரூஃப் படமெல்லாம் பல வருசமாகப் பெட்டியில் சும்மா கிடக்கிறது, அதைக் கழித்தால் இந்தச் சீசன் ஓடும், அடுத்த சீசனுக்குப் புது டிஸ்க் போடுங்கள் என்றான். அண்ணாச்சி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படம் இன்றைக்கும் அழியவில்லை. முந்தியவன் சாத்தூர் ரோட்டுக் கிட்டங்கியில் பேக்கப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே ஓர் அறையில் இருக்கிறான். இங்கே இவன் படம் பிடித்ததும் அங்கே அவன் வாங்கி, முழுசாக வந்து சேர்ந்தது என்று சொன்ன பிறகுதான் இவன் மூச்சு விடுகிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான். அவன் வருகிறான் என்று பொன்மலர் ஒரு கூட்டு கூடுதலாக வைத்தால் தவசிலிங்கத்துக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. அதையும் ஊர் பழகிக்கொண்டது. ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று மத்தியானம் இருவரும் ஒரே பைக்கில் வீட்டுக்குப் போனார்கள். பொன்மலர் மொட்டை மாடியில், வருகிற மழைக்கு முந்திக் கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். தவசிலிங்கம் அவளுக்கு எதிரே போய் நின்றான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆஸ்பத்திரித் துணியின் பச்சையிலிருந்து ஆரம்பித்தான்.

"பச்சைத்துணி. ரொம்பத் துவைச்சு வெளுத்தது. அதுக்குள்ள மொகம் மட்டுந்தான் தெரிஞ்சுது."

அவள் கையில் எடுத்த துணியோடு அப்படியே நின்றாள்.

"முடி நெறைய. ஈரமா நெத்தியில ஒட்டியிருந்துச்சு. நெறம் உன் நெறம். மூக்கு என் மூக்கு, சப்ப மூக்கு."

"கண்ணு?" என்றாள் அவள். சத்தமே வரவில்லை.

"வலது கண்ண மட்டும் தொறந்துச்சு. என்னியப் பாத்துச்சா சன்னல் வெளிச்சத்தப் பாத்துச்சான்னு தெரியல. இடது காதுகிட்டச் சின்னதா ஒரு மச்சம். எள்ளுல பாதி."

முந்தியவன் தண்ணித்தொட்டி ஓரமாக உட்கார்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆனால் ஒரு சொல்லையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்புறம் ஒரு கொட்டாவி விட்டுச்சு."

"கொட்டாவியா?" பொன்மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "அம்மாடி, எம்பிள்ள கொட்டாவி விட்டுச்சா? பெரிய வேல பாத்துட்டு வந்தவ மாதிரி?"

"ஆமா. பெரிய மனுசி மாதிரி."

"நாச்சியாருன்னு பேரு வச்சிருக்கேன்," என்றாள். "மனசுக்குள்ளதான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். நீங்களும் கூப்பிடுங்க."

"நாச்சியாரு" என்றான் அவன்.

"அந்தக் கொட்டாவி எப்படி விட்டுச்சு? செஞ்சு காட்டுங்க."

தவசிலிங்கம் கண்ணை மூடி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, பிள்ளை செய்த மாதிரியே மெதுவாக வாயைத் திறந்து காட்டினான். திறந்த வாயை அவனால் மூட முடியவில்லை. அதற்குள்ளிருந்து, நாலு வருசமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத அவனுடைய அழுகை வெளியே வந்தது.